3,499 ராண்டுக்கு மினி லேப்டாப்: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, டர்பன் மியர்பேங்கில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மகள் இந்த ஆண்டு அஞ்சல்வழியில் பி.காம். தொடங்குகிறாள், மூன்றாண்டுப் படிப்பு. இருவருக்கும் பொதுவாக ஒரு கணினி வேண்டும். கடை ஒன்றில் 11.6 அங்குல மினி லேப்டாப்பை (செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி, விண்டோஸ் 11 எஸ் மோட்) 3,499 ராண்டுக்குத் தருகிறார்கள். பழையவற்றைப் புதுப்பித்து விற்பவர் ஒருவர் டெல் லாட்டிட்யூட் 7490-ஐ (ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி) ஆறு மாத உத்தரவாதத்தோடு 5,299 ராண்ட் என்கிறார்; புது பேட்டரி போட்டால் 900 ராண்ட் தனி. வெளிநாட்டு இணையக் கடையில் இன்டெல் என்100, 8 ஜிபி, 256 ஜிபி, 14 அங்குலம் 4,200 ராண்டுக்குக் கிடைக்கிறது. அண்ணன் மகனோ தன்னுடைய பழைய 10 அங்குல நெட்புக்கை (ஆட்டம் என்270) 800 ராண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை, ரேமைக் கூட்டிக்கொண்டால் போதும் என்கிறான். எது விலைக்குத் தகுந்தது? எக்செல், டீம்ஸ், ஜூம், தமிழில் வினாத்தாள் தட்டச்சு. இவ்வளவுதான் தேவை.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் அண்ணன் மகனின் நெட்புக்கைத் தள்ளிவைத்துவிடலாம். ஆட்டம் என்270 என்பது 2008-இல் வந்த ஒற்றை கோர் (கணக்கிடும் அலகு) பிராசஸர், அதுவும் 32 பிட் மட்டும். ரேமைக் கூட்டினாலும் அந்த மதர்போர்டு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. திரை 1024×600, இன்றைய மென்பொருள்களின் சில பெட்டிகளில் 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும், அமுக்கவே முடியாது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பழைய கணினிகளைக் கைவிடாமல் வைத்திருந்த டெபியன்கூட 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தருவதில்லை. சும்மா கொடுத்தாலும் டீம்ஸ் வகுப்புக்கு அது ஆகாது. மருமகனிடம் நோகாமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது 3,499 ராண்ட் கணினி. உங்கள் கேள்வியின் மையமே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நெட்புக் என்ற பெயர் 2007-இல் ஏசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வந்தபிறகு பரவியது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் இன்றைய மினி லேப்டாப் பலசாலி. ஆனால் மென்பொருளும் கூடவே பருத்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அடிமட்டத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. நீங்கள் பார்த்த கணினியில் இருப்பதும் அதே 4, அதே 64. அதாவது நுழைவுக் கோட்டின்மேல் நிற்கிறது. ஒரு அடி உள்ளே வரவில்லை. கணினி 'ஆன்' ஆவதற்கு அது போதும். மூன்றாண்டு படிப்பதற்குப் போதாது.

மலிவு விலைக் கணினியை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது, வாங்கிய பிறகு எதை மாற்றவே முடியாது என்பதை. இந்த வகைக் கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சேமிப்பும் அப்படியே. பிராசஸரும் அப்படியே. ஆகவே கடைக்காரர் "பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்" என்றால், அடிமூடியைத் திறந்து ரேம் ஸ்லாட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் இன்று வாங்கும் 4 ஜிபிதான் கடைசிவரை 4 ஜிபி.

4 ஜிபியில் என்ன நடக்கிறது? கணினியைத் திறந்து எதையும் இயக்காமல் வைத்தாலே விண்டோஸ் 11 இரண்டரை ஜிபி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். திரைக்கான கிராஃபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் பங்கு கேட்கும். மிச்சத்தில் டீம்ஸைத் திறந்து, பக்கத்தில் ஒரு எக்செல் கோப்பையும் பாடநூல் பிடிஎஃப்பையும் வைத்தால் ரேம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் விண்டோஸ் நின்றுவிடாது. ரேமில் இடமில்லாததைச் சேமிப்பகத்தில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். கோளாறு தொடங்குவது அங்கேதான். அந்த 64 ஜிபி என்பது எஸ்எஸ்டி (கணினிகளுக்கான வேகமான சேமிப்பகம்) அல்ல, இஎம்எம்சி. கைபேசிகளுக்கென வந்த நினைவகம் அது. உச்ச வேகமே விநாடிக்கு 400 எம்பி. அதைவிட முக்கியம், ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதற்கு வராது, ஒன்று முடிந்துதான் மற்றது. ரேம் நிரம்பிய கணினி இடைவிடாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும். ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு வருவதும், சுட்டி உறைந்து நிற்பதும், தட்டிய எழுத்து மூன்று விநாடி கழித்துத் தோன்றுவதும் அதனால்தான். பலர் இதை 'இன்டர்நெட் ஸ்லோ' என்று நினைத்து டேட்டா பண்டலை மாற்றிப் பார்க்கிறார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், மெமரி 90 விழுக்காட்டுக்கு மேலும் டிஸ்க் 100-ஐ ஒட்டியும் நிற்கும். இணைய இணைப்பின்மேல் பழிபோட வேண்டியதில்லை.

64 ஜிபியும் முழுசாக உங்களுக்கு இல்லை. விண்டோஸ் தன் கணக்கில் அதை 58 ஜிபி அளவாகக் காட்டும். விண்டோஸும் மீட்புப் பகுதியும் தங்கள் பங்கை எடுத்தபின் ஏறக்குறைய 30 ஜிபி மிஞ்சும். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய புதுப்பிப்பு வேலை நடக்கும்போது தற்காலிகமாக நிறைய இடம் கேட்கும். பழைய விண்டோஸையும் பத்து நாள் ஓரமாக வைத்திருக்கும். இடம் இல்லையென்றால் புதுப்பிப்பு பாதியில் நின்று, மறுபடி மறுபடி இறக்கிப் பார்க்கும். ப்ரீபெய்ட் டேட்டா வைத்திருக்கும் வீட்டில் அது எத்தனை ஜிபியை விழுங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மைக்ரோ எஸ்டி அட்டை போட்டு இடத்தைக் கூட்டலாம்தான். கோப்புகள், பாடக் குறிப்புகள் வைக்க அது சரி. மேலே சொன்ன நெருக்கடிக்கு அது மருந்தாகாது.

பிராசஸரைப் பற்றிச் சுருக்கமாக. என்4020 என்பது 2019 கடைசியில் வந்த இரண்டு கோர் பிராசஸர். '2.8 கிகாஹெர்ட்ஸ்' என்று ஸ்டிக்கரில் இருக்கும். அது சில நொடி உச்சம், அடிப்படை வேகம் 1.1. இந்தக் கணினிகள் பலவற்றில் விசிறி கிடையாது. ஓசையில்லாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் ஒரு மணி நேர வீடியோ வகுப்பு ஓடினால் பிளாஸ்டிக் உடல் சூடேறி, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் ஏசி அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவராது.

அதில் இருக்கும் எஸ் மோட் என்பது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டும் அனுமதிக்கும் பூட்டு. வெளியிலிருந்து இறக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எதையும் அது ஏற்காது. பிரின்டரோடு வரும் சில நிறுவிகளும் நிற்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் போய்க் காசில்லாமல் விலகிக்கொள்ளலாம்; விலகியபின் திரும்ப முடியாது, திரும்ப வேண்டிய தேவையும் வராது. தமிழுக்கு விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இருப்பதால் உங்களுக்குத் தனி மென்பொருளே வேண்டாம்.

விசைப்பலகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். 11.6 அங்குலக் கணினிகளில் அகலத்தை மிச்சப்படுத்த, வலப்பக்கத்து நிறுத்தக்குறி விசைகளைத்தான் முதலில் ஒடுக்குவார்கள். ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு அது பெரிதாக உறைக்காது. தமிழ்99-இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன: சதுர அடைப்புக்குறிகள் இரண்டு, அரைப்புள்ளி, ஒற்றை மேற்கோள், சாய்கோடு. ஒரு வினாத்தாள் அடித்துப் பார்த்தால் விரல் எத்தனை முறை அங்கே தடுக்குகிறது என்று தெரியும். எந்தக் கணினியானாலும் கடையிலேயே நோட்பேடைத் திறந்து 'யாழ், ஞாயிறு, நச்சு' என்று நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். அஞ்சல் முறையில் ரோமன் எழுத்துகள் வழியே அடிப்பவரானால் இந்தச் சிக்கல் குறைவு.

திரை 1366×768 ஆகத்தான் இருக்கும். அதைவிட 1920×1080 திரையில் செங்குத்தாக 40 விழுக்காடு கூடுதல் புள்ளிகள். கணக்கியல் படிக்கும் பிள்ளைக்கு எக்செல்லில் எத்தனை வரி ஒரே பார்வையில் தெரிகிறது என்பது பெரிய விஷயம். டீம்ஸை இடப்பக்கமும் எக்செல்லை வலப்பக்கமும் வைத்தால் சின்னத் திரையில் ஒவ்வொன்றுக்கும் 683 புள்ளி அகலம்தான் கிடைக்கும்.

இத்தனையும் சொன்னதால் அது குப்பை என்று பொருளில்லை. தட்டச்சு, மின்னஞ்சல், ஒரு நேரத்தில் ஒரு இணையப் பக்கம் என்றால் அந்தப் பணத்துக்கு அது ஈடுகொடுக்கும். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் எழுத்துப் பயிற்சி செய்ய என்று கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றே சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே வாங்கிவிட்ட வாசகர்கள் டீம்ஸைச் செயலியாக நிறுவாமல் எட்ஜ் உலாவியிலேயே திறக்கட்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றதை அணைக்கட்டும். இரண்டு பேர் பயன்படுத்தினால் 'ஸ்விட்ச் யூசர்' போடாமல் முழுசாக 'சைன் அவுட்' செய்யட்டும், இல்லாவிட்டால் ஒருவர் திறந்துவைத்ததெல்லாம் மற்றவர் ரேமைத் தின்னும்.

இணையக் கடையின் என்100 கணினிக்கு வருவோம். பொருளளவில் அது நல்ல தேர்வு. 2023-இல் வந்த நாலு கோர் பிராசஸர். வேக அளவைச் சோதனைகளில் என்4020-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல், உங்கள் டெல்லில் இருக்கக்கூடிய எட்டாம் தலைமுறை ஐ5-ஐக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கும். மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுக்கும். என்100, 8 ஜிபி, உண்மையான எஸ்எஸ்டி இந்த மூன்றும் சேர்ந்த ஒரு கணினி நம் ஊர்க் கடையில் உள்ளூர் உத்தரவாதத்தோடு கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

ஆனால் 4,200 என்பது கடைசி விலை இல்லை. லேப்டாப்புக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது என்றாலும் 15% மதிப்புக்கூட்டு வரி உண்டு. அதைக் கணக்கிடும்போது சுங்கத்துறை பொருளின் மதிப்போடு 10% கூட்டிக்கொள்ளும். 4,200-ஐ 4,620 ஆக்கி, அதில் 15% எடுத்தால் 693 ராண்ட். ஆக 4,893. இதற்கு மேல் கூரியர்காரர் சுங்க வேலைக்கென வாங்கும் கட்டணம். வந்துசேர்ந்த கணினியின் சார்ஜர் பின் நம் மூன்று உருண்டைப் பின் சுவர் சாக்கெட்டில் பொருந்தாது, ஒரு அடாப்டர் வேண்டும். இதெல்லாம் போகட்டும். எட்டாவது மாதத்தில் சார்ஜ் ஏறாவிட்டால் யாரிடம் போவது? லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானத்தில் திருப்பி அனுப்புவது தனி நபருக்கு எளிதல்ல, கட்டணமும் அதிகம். படிப்புக்கு நம்பியிருக்கும் ஒரே கணினியை அப்படி வாங்கச் சொல்லமாட்டேன்.

இணைய விளம்பரங்களில் இன்னொரு கண்கட்டு உண்டு. '10,000 எம்ஏஎச் பேட்டரி' என்று பெரிதாகப் போடுவார்கள். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் உண்மையான கொள்ளளவு, அதாவது வாட் மணி, கிடைக்கும். 3.8 வோல்ட்டில் 10,000 எம்ஏஎச்சும் 7.6 வோல்ட்டில் 5,000 எம்ஏஎச்சும் ஒரே 38 வாட் மணிதான். கணினி சராசரியாக 7 வாட் எடுத்தால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 'பன்னிரண்டு மணி நேரம்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், எவ்வளவு மங்கலான திரையோடு அளந்திருப்பார்கள் என்று புரியும்.

உங்கள் தேவைக்கு டெல் லாட்டிட்யூட்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இது நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த கணினி வகை. கட்டுமானம் உறுதி, ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி கழற்றி மாட்டலாம், விசைப்பலகை முழு அளவு. இரண்டாம் ஆண்டில் 8 ஜிபி போதவில்லை என்று மகள் சொன்னால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ரேமைச் செருகிவிடலாம். ஏமாறும் இடங்களும் இதில்தான் அதிகம், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

'ஐ5' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு மதிப்பும் கிடையாது. எத்தனையாவது தலைமுறை என்பதுதான் கேள்வி. 7490-க்கு முந்திய 7480 வெளியே பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை இரண்டு கோர் பிராசஸர். அதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பக்கத்தைத் திறந்தால் ஐ5-8250யூ அல்லது 8350யூ என்று எட்டில் தொடங்கும் எண் இருக்க வேண்டும். ஐ5-7300யூ என்றிருந்தால், ஏற்கெனவே விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள். குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள்.

கணினியின் அடியில் ஏழு எழுத்து எண் கொண்ட சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும். அதை டெல்லின் ஆதரவுத் தளத்தில் இட்டால் தொழிற்சாலையிலிருந்து எப்போது, என்னென்ன உறுப்புகளோடு வெளியே வந்தது என்று காட்டும். கேமரா இல்லாமல் சில நிறுவனங்கள் வாங்கியிருப்பார்கள். ஜூமில் பாடம் நடத்துபவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். திரையும் அப்படி: இதே மாதிரி 1366×768 திரையோடும் வந்தது. 1920×1080-தானா என்று டிஸ்பிளே செட்டிங்ஸில் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது நிறுவனப் பூட்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் மைக்ரோசாஃப்டிடம் பதிவுசெய்து வைக்கும். விற்றபின் அந்தப் பதிவை நீக்க மறந்தால், இன்று நன்றாக ஓடும் கணினி, என்றைக்காவது ரீசெட் செய்யும் நாளில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களுடைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அதற்குப் பிறகு அவர்கள் விடுவித்தால்தான் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விற்பவர் முன்னிலையில் விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, தொடக்கத் திரைகளைக் கடந்து பார்ப்பது. அரை மணி, ஒரு மணி பிடிக்கும். "நேரமில்லை" என்பவரிடம் 5,299 ராண்டைக் கொடுக்க வேண்டாம். அதே போது கணினியை மறுபடி ஆன் செய்து, எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய், கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி நிலை அங்கே பயாஸிலேயே எழுதியிருக்கும். எண்ணாக வேண்டுமென்றால் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பிறகு 'பேட்டரிரிப்போர்ட்' என்பதை ஒரே சொல்லாக அடித்து எண்டர் தட்டுங்கள். உருவாகும் அறிக்கையில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். இந்த மாடலில் வரும் நாலு செல் பேட்டரி புதிதில் 60 வாட் மணி. மூன்று செல் வகை 42. முழு சார்ஜில் இப்போது நிற்கும் அளவு புதியதன் 70 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்த 900 ராண்ட் பேட்டரியை இப்போதே சேர்த்துப் பேரம் பேசுங்கள். உடல் மூடாமல் விரிந்திருந்தாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. மாற்றாமல் வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது, தீ ஆபத்து.

சார்ஜர் டெல்லுடையதா? டெல் கணினி உருண்டை முனை சார்ஜரோடு பேசி அடையாளம் கேட்கும். போலி சார்ஜர் என்றால் 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று எச்சரித்து, கணினியை ஓட்டுமே தவிர பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. பேட்டரி செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இதனால். இந்த மாடலை யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் செய்யலாம் என்பது நமக்கு வசதி. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இப்போது குறைந்திருந்தாலும் பகுதி மின்தடைகள் ஓயவில்லையே. 65 வாட் தரும் பவர் பேங்க் ஒன்று இருந்தால் இரண்டு மணி நேரத் தடையை வகுப்பு நிற்காமல் கடக்கலாம். ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வேண்டும், அது இல்லாமல் கணினி மட்டும் ஓடி என்ன பயன்?

விண்டோஸ் உரிமத்தையும் பாருங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று வர வேண்டும். நிறுவனங்களுக்கான தொகுதி உரிமத்தைத் திருட்டுத்தனமாக இட்டிருந்தால் சில மாதங்களில் 'ஆக்டிவேட் செய்க' என்ற வாசகம் திரை மூலையில் முளைக்கும். ஆஃபீஸ் 'இலவசமாகப் போட்டுத் தருகிறோம்' என்று சொல்வதும் பெரும்பாலும் இதே கதைதான். மகளின் கல்வி நிறுவனம் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365 தருகிறதா என்று முதலில் கேளுங்கள். தந்தால் ஒரு காசும் செலவில்லை.

குரோம்புக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் யாராவது தள்ளப் பார்ப்பார்கள். தட்டச்சுக்கும் ஜூமுக்கும் நல்ல கருவிதான். முழு எக்செல் அதில் நிறுவ முடியாது, உலாவி வடிவம்தான், பி.காம். படிப்புக்கு அது இடறும். பழைய குரோம்புக்கானால் கூகுள் புதுப்பிப்பு தரும் கடைசி நாளும் கடந்திருக்கலாம்.

இப்போது பணக் கணக்கு. மினி லேப்டாப் இந்தப் பயன்பாட்டில் இரண்டு ஆண்டு தாங்கினால் பெரிது. மூன்றாண்டுப் படிப்பின் நடுவில் இன்னொன்று வாங்க நேரும். 3,499 இரண்டு தடவை என்றால் 6,998. டெல் 5,299, பேட்டரி 900, மொத்தம் 6,199. படிப்பு முடிந்த பிறகும் ஓராண்டு ஓடும் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,550. மினி லேப்டாப்பில் ஆண்டுக்கு 1,750. கடையில் தவணைக்கு எடுப்பதாக இருந்தால் மாதத் தொகையைப் பார்க்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மொத்தமாகக் கட்டும் தொகை என்று ஒரு வரி இருக்கும், வட்டியும் காப்பீடும் சேர்ந்தது. அந்த எண்ணை 3,499-க்குப் பதிலாகப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

ஆறு மாத உத்தரவாதம் என்பது விற்பவரின் தயவு இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவே வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரவும், பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் இந்த மூன்றில் எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கவும் உரிமை தருகிறது. "ரிப்பேர்தான் செய்வோம், பணம் தரமாட்டோம்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் அது செல்லாது. ஒரு விதிவிலக்கு: குறை இன்னதென்று தெளிவாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு உரிமை கோர முடியாது. ஆகவே பில்லில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்றோ 'உள்ள நிலையில்' என்றோ பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கீறல், தேய்ந்த விசை என்று என்ன குறையோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தனி ஆள் வீட்டிலிருந்து விற்பதற்கு, அதாவது மருமகனின் நெட்புக் போன்றவற்றுக்கு, இந்தச் சட்டம் பொருந்தாது. இதே டெல்லை விற்பவரின் இணையதளம் வழியாக வாங்கினால் இன்னொரு வசதி: 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தகராறு வந்து கடைக்காரர் மசியாவிட்டால் நுகர்பொருள், சேவைகள் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம்.

அதனால் பில்லில் சர்வீஸ் டேக் எண், பிராசஸரின் முழுப் பெயர், ரேம், எஸ்எஸ்டி அளவு, பேட்டரி புதிதா பழையதா, உத்தரவாதம் முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். 'லேப்டாப் 1' என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். வாங்கிவந்த முதல் வாரத்திலேயே டீம்ஸ் வகுப்பு, ஜூம், பிரின்டர், தமிழ்99 நாலையும் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் புதுப்பிப்புகள் இறங்கும்போது மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். டேட்டா குறைவென்றால் வைஃபை பெயரின் பண்புகளில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்கி, புதுப்பிப்பை நண்பர் வீட்டு ஃபைபரில் முடித்துக்கொள்ளுங்கள். சார்ஜரை சர்ஜ் பாதுகாப்புள்ள மல்டிபிளக்கில் மாட்டுங்கள். மின்சாரம் போனதும் பின்னைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் சார்ஜர் தப்பிக்கும்.